மகள் பாருக்குப் போகிறாள், நான் களரிக்குப் போகிறேன்

திருவனந்தபுரத்தில் ‘பார்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014இல் பார்களை மூட அரசு முடிவெடுத்தபோது இந்த மாநிலம் பட்ட பாட்டை நாமெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே, லண்டனில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “அம்மா, வாரத்துல மூணு நாள் பாருக்குப் போறேன். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு நாள் போகலைன்னாலும் என்னமோ மாதிரி இருக்கு” என்று சொன்னதும், கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

மறுமுனையில் ஒரே சிரிப்பு. “அப்பாகிட்டச் சொல்லும்மா, அந்த பார் இல்ல. இது தேகப்பயிற்சி கிளாஸ்!”

பாலே நடனம் பழகும் கூடங்களில் சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கம்பி பொருத்தியிருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்குத்தான் ‘பார்’ என்று பெயர். கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி என்பதால் வகுப்புக்கும் அதே பெயர். மகள் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுச் செய்தே காட்டினாள். கம்பிக்குப் பதில் சமையல் மேடையின் விளிம்பு. குதிகால்கள் ஒட்டியிருக்க, பாதங்கள் இரு பக்கமும் விரிந்திருக்க, முதுகு நேராக நிற்க, முழங்கால் மட்டும் பாதி மடங்கியது. அப்படியே நின்றாள். பிறகு ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே. மறுபடியும் கீழே, மேலே. அரை நிமிஷத்தில் தொடை நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

“ஏட்டி, இது அரைமண்டி இல்லாம வேற என்ன?” என்றேன்.

எட்டு வருஷம் அவளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அழைத்துப்போனவள் நான். அந்த வீட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தே பாதி நாவல்களைப் படித்து முடித்திருக்கிறேன். “இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு” என்று டீச்சர் தட்டுக்கழியால் தாளம் போடும் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பிளஸ் ஒன் வந்ததும் பிள்ளை நிறுத்திவிட்டாள். “அன்னைக்கு அழுதுக்கிட்டே செஞ்சேன், இன்னைக்குப் பவுண்டு கொடுத்துச் செய்யுதேன்” என்று அவளே சிரிக்கிறாள்.

இந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தவர் கதை கேட்கத் தகுந்தது. லாட்டி பெர்க் என்ற யூதப் பெண்மணி, 1913இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த நடனக்காரி. ஹிட்லர் ஆட்சியில் பிழைக்க வழியில்லாமல் கணவருடன் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். முதுகில் அடிபட்டது. நடனப் பயிற்சியையும், முதுகு தேறுவதற்காகச் செய்த பயிற்சிகளையும் சேர்த்து ஒரு முறையாக ஆக்கி, 1959இல் லண்டன் மான்செஸ்டர் தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது! நடனக்காரிகளின் வாழ்க்கை முடிந்துவிட்டதாக உலகம் கணக்குப் போடும் வயது. (அவர் தம் பயிற்சிகளுக்கு வைத்த பெயர்கள் நம் இதழில் அச்சிடத்தக்கவை அல்ல, விட்டுவிடுகிறேன்.) அவரிடம் கற்ற லிடியா பாக் என்பவர் 1971இல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே அது கிளை விட்டு, வியாபாரமாகி, இன்று பம்பாய்ப் பெண்கள்வரை வந்துவிட்டது.

வியாபாரம் என்றால் கொஞ்சம் புளுகும் சேரும். ‘இந்தப் பயிற்சியால் தசை நீளமாகும், நடனக்காரி மாதிரி உடம்பு வரும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தசை இரு முனையிலும் எலும்போடு ஒட்டியிருப்பது. அதன் நீளத்தைப் பயிற்சி வகுப்பு மாற்றிவிட முடியாது. அது வலுப்படும், களைக்காமல் நிற்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதாதா?

எனக்கு அது போதும் என்று தோன்றக் காரணம் இருந்தது. என் தாயார் திருநெல்வேலி வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தும், எழுந்து நிற்கக் காலில் வலு இல்லை. பதினொரு மாதம் படுக்கை, பிறகு போய்விட்டார்கள். ஊர் பிள்ளையாரை நூற்றியெட்டு சுற்றுச் சுற்றிய கால்கள் அவை. அந்த ஆண்டு முழுவதும் நான் திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்குமாக ரயிலில் போய்வந்தேன். வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த ரயில் பயணத்தின் கனம் தெரியும்.

என் எலும்பைப் பரிசோதித்த மருத்துவர், மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாகத் தேய்கிறது என்றும், மாத்திரை மட்டும் போதாது, காலுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுங்கள் என்றும் சொன்னார். “தினமும் நடக்கிறேனே” என்றேன். “நடங்கள். ஆனால் நடை மட்டும் போதாது” என்றார். அவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும், வாரத்துக்கு 150 நிமிஷ நடை போன்ற உழைப்போடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்கிறது. முப்பது வயது தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை கரைகிறதாம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது இந்தத் தசைதான். கேரளத்தில் இது விளையாட்டுச் செய்தி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கேரளத்தில் 25.5 சதவீதம். நாலில் ஒருவர்!

நாமோ மியூசியம் தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றுகிறோம். அதில் பாதி நேரம் யார் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற பேச்சு. முடித்துவிட்டுக் காப்பியும் பழம்பொரியும். நடந்தது கொஞ்சம், தின்றது நிறைய.

“நீயும் பாரில் சேரும்மா” என்றாள் மகள். எங்கள் வீட்டுப் பக்கம் அப்படி வகுப்பு எதுவும் இல்லை என்றேன். “உங்க ஊர்லதான் களரி இருக்கே! இங்க எங்க டீச்சரே அதைப் பத்திக் கேக்குறா” என்றாள்.

களரியா? எனக்குச் சிரிப்பு வந்தது. களரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1989இல் வந்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’ படத்து மம்மூட்டிதான். வாளும் கேடயமும் ஐம்பத்துமூன்று வயதுக்காரி எனக்கு எதற்கு? ஆனால் பக்கத்து வீட்டுச் சேச்சி, தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு வருஷமாகக் காலை ஆறு மணிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பார். அதைப் பார்த்துத்தான் போனேன்.

குழிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

களரி தரைக்கு மேலே இருப்பதில்லை. மண்ணைத் தோண்டி, தாழ்ந்த தளம் அமைத்து, மேலே கூரை போட்டிருப்பார்கள். குழிக்களரி என்று பெயர். முறையான அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். அதனால் ‘நாற்பத்தீரடி’ என்றும் சொல்வார்கள். வாசல் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை, அதில் விளக்கு. வலது காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கியதும் வெளிச் சத்தம் அடங்கிவிடுகிறது. மண்ணின் ஈரமும் எண்ணெய் வாசனையும்தான் மிச்சம். எங்கள் குருக்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் அவரைக் ‘குருக்களே’ என்கிறேன், அவர் என்னைச் ‘சேச்சி’ என்கிறார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

வாளும் கேடயமும் என் கண்ணிலேயே படவில்லை. களரிப் படிப்பில் முதலில் மெய்த்தாரி. அதாவது உடம்பைப் பழக்குவது. பிறகு கோல்தாரி, கம்பு. அதன் பிறகே அங்கத்தாரி என்னும் இரும்பு ஆயுதங்கள். கடைசியில் வெறுங்கை. என் வயதில் சேருகிறவர்களுக்கு மெய்த்தாரியே பல ஆண்டுச் சாப்பாடு.

முதல் மாதம் காலெடுப்பு மட்டும். காலை நேராக வீசுவது நேர்க்கால், வட்டமாக வீசுவது வீதுகால், வீசியபின் தாழ உட்காருவது இருத்திக்கால். பிள்ளைகள் பாதத்தைத் தலைக்கு மேல் தூக்கிய உள்ளங்கையில் தட்டிவிட்டு வருகிறார்கள். என் பாதம் இடுப்பு உயரத்தோடு நின்றது. குருக்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிற்கிற காலை: முழங்கால் வளைகிறதா, குதிகால் மண்ணில் பதிந்திருக்கிறதா என்று.

பிறகு வடிவுகள். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில், கோழி, பூனை என்று பிராணிகளின் பெயரில் நிலைகள். பட்டியல் களரிக்குக் களரி சற்று மாறும். குதிரை வடிவில் ஒரு காலை முன்னே மடக்கி, மறு காலைப் பின்னே நீட்டி, தாழ்ந்து நிற்க வேண்டும். நின்றேன். பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. லண்டனில் மகளுக்கு நடுங்கிய அதே இடம்! அவளுக்கு ஒரு கம்பி இருந்தது. எனக்குப் பிடித்துக்கொள்ள காற்றுதான் இருந்தது.

மறுநாள் காலை மாடிப்படி இறங்கியதை யாரும் பார்க்காதது நல்லது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அந்த வலி உடம்பில் இருக்கும்போதே மறுபடி போக வேண்டும் என்ற ஆசை வந்தது. ஏன் என்று யாராவது கேட்டால் இன்றும் நேரடியாகப் பதில் சொல்ல வராது. ஒன்று மட்டும் சொல்ல முடியும்.

மெய்ப்பயற்றில் ‘சவிட்டு’ என்று ஓர் அசைவு உண்டு. மலையாளத்தில் மிதிப்பது. காலை உயர்த்தித் தரையில் ஓங்கி மிதித்து, அப்படியே தாழ்ந்து அமர வேண்டும். நான் பூப்போல மிதித்தேன். குருக்கள், “சேச்சி, தற குலுங்ஙட்டே!” என்றார். தரை குலுங்கட்டும்!

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தந்த பாடம் என்ன? தரை அதிர நடக்காதே. என் ஆச்சி ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லியிருப்பாள். குதிக்காதே, ஓடாதே, காலை அகட்டி உட்காராதே, சத்தமாகச் சிரிக்காதே. பன்னிரண்டு வயதுவரை எங்கள் தெருவில் பாண்டி ஆட்டத்திலும் ஓட்டத்திலும் பையன்களை ஜெயித்தவள் நான். பதின்மூன்றில் தாவணி வந்தது, ஓட்டம் நின்றது. அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் நான் எங்கேயும் குதித்ததாக நினைவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இப்போது பிள்ளை வயதுள்ள ஒருவர், மரியாதையாகச் ‘சேச்சி’ என்றழைத்து, ஓங்கி மிதிக்கச் சொல்கிறார். நாலாவது முறை மிதித்தேன் பாருங்கள், மண் சிதறியது. பக்கத்தில் நின்ற சேச்சி கை தட்டினார்.

எலும்புக்கும் அது நல்லதாம். தரையிலிருந்து எலும்புக்குப் போகும் அதிர்ச்சியும், தசை இழுக்கிற இழுப்பும்தான் எலும்பைத் தேயாமல் காக்கத் தூண்டுகின்றன என்று மருத்துவர் விளக்கினார். என் ஆச்சியிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதே என்றுதான் வருத்தம்.

ஊரிலிருந்து நாத்தனார் தொலைபேசியில், “மதினி, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்று கேட்டாள். பார்ப்பவர்கள் யாரும் இல்லை. குழிக்குள் அல்லவா குதிக்கிறோம்!

கிழக்கே கோட்டையின் கதை

இந்த நகரத்தில் களரி என்றதும் எல்லோரும் கைகாட்டுவது கிழக்கே கோட்டையில் உள்ள சி.வி.என். களரியை. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும்போதும் சாலை பஜாருக்குப் போகும்போதும் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருப்போம். அதன் கதை தலைச்சேரியில் தொடங்குகிறது. பழசி ராஜாவின் கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ்காரர்கள் மலபாரில் ஆயுதப் பழக்கத்தை ஒடுக்கியதில் களரிகள் நொடித்துப் போயின. அழியவிருந்த வித்தையைத் திரட்டிக் காப்பாற்றியவர்களில் தலையாயவர் கோட்டக்கல் கணாரன் குருக்கள். அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயர், ஊர் ஊராகச் சென்று பொது மேடைகளில் செய்து காட்டி, களரிக்கு மறுபடி மதிப்பு உண்டாக்கினார். 1944இல் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய மகன் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் திருவனந்தபுரத்தில் நிறுவியதுதான் கிழக்கே கோட்டைக் களரி.

இங்கே 1976இல் பிலிப் ஜாரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் வந்து சேர்ந்தார். கோவிந்தன்குட்டி நாயரிடம் ஆண்டுக்கணக்கில் கற்று, பிறகு தம் நாட்டிலும் பிரிட்டனிலும் நடிகர்களுக்குக் களரியையே அடிப்படைப் பயிற்சியாகக் கொடுத்தார். 1998இல் அவர் எழுதிய களரி நூலின் தலைப்பே ‘உடம்பெல்லாம் கண்ணாகும்போது’ என்ற பொருளில் அமைந்தது. களரிக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ‘மெய் கண்ணாகணும்’ என்ற வாசகம்தான் அது. 2020இல் காலமானார். அவர் கடல் கடந்து வந்தார். கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும் நமக்கு ஒரு பஸ் தூரம்.

நம் பங்கு என்ன?

‘அது மலையாளிகளின் வித்தை, நமக்கென்ன’ என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வாய்த்தாரியைக் கேட்க வேண்டும். குருக்கள் வாயால் கட்டளை சொல்லச் சொல்ல, அதன்படி அசைவது களரி வழக்கம். அந்தக் கட்டளைக் கோவைக்கு வாய்த்தாரி என்று பெயர். அமர்ந்து, நீக்கி, மாறி, நிவர்ந்து, தாணு... நிவர்ந்து என்றால் நிமிர்ந்து, தாணு என்றால் தாழ்ந்து. எங்கள் வகுப்பில் வடநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் பொருள் புரியாமல் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். எனக்கு அந்தச் சிரமம் வரவில்லை. களரி என்பது களம், பயற்று என்பது பயிற்சி. வீட்டு மொழியின் பழைய அறை ஒன்றைத் திறந்த மாதிரி இருந்தது.

சொல் மட்டுமா? தெற்கே கன்னியாகுமரிச் சீமையில் அடிமுறை என்றும் வர்ம அடி என்றும் வழங்கும் வித்தை தமிழில்தான் கற்பிக்கப்படுகிறது. வடக்கன் களரிக்குப் பரசுராமரை முதலாசிரியராகச் சொன்னால், தெற்கத்தியார் அகத்தியரைச் சொல்வார்கள். அங்கே குருக்கள் இல்லை, ஆசான். குழியும் கட்டாயமில்லை, வெட்டவெளியோ தென்னந்தோப்போ போதும். 2020இல் வந்த ‘பட்டாஸ்’ படத்தில் தனுஷ் செய்ததும் இந்த அடிமுறைதான். 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் இங்கே மாறியது முதல் இரண்டு பக்கத்து மனிதர்களும் ஒரே சாலையில் போய்வந்தவர்கள். இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் அந்தச் சாலையில்தான் வருகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். கிழக்கே கோட்டையில் களரி வந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல்தான்; ஆனாலும் நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.

இந்தப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் போதிதருமரை இழுத்துவிடுவார்கள். காஞ்சிபுரத்து இளவரசர், களரியையும் வர்மத்தையும் சீனாவுக்குக் கொண்டுபோய் ஷாவோலின் கோயிலில் கற்றுக்கொடுத்தார் என்று. 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்தபின் கேட்கவே வேண்டாம். அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. போதிதருமர் தென்னிந்தியர் என்ற மரபு இருக்கிறது. அவர் சண்டை கற்பித்தார் என்பது பல நூற்றாண்டுகள் கழித்துக் கிளம்பிய கதை. சீனாக்காரனுக்குக் கொடுத்தோம் என்று பெருமைப்படுவதைவிட, நாம் காலை ஆறு மணிக்கு எழுந்துபோய்க் கற்றுக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

பெண்கள் விஷயத்தில் களரியும் புனிதமானதல்ல. வடக்கன் பாட்டுகள் உண்ணியார்ச்சையின் வாள்வீச்சைப் புகழ்ந்தாலும், நடைமுறையில் பெண் குழந்தை வயதுக்கு வந்ததும் களரியிலிருந்து நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. எனக்குத் தாவணி, அவர்களுக்கும் அதே கதை. அதற்கு விலக்காக நின்றவர் வடகரை மீனாட்சியம்மா. ஏழு வயதில் களரியில் இறங்கியவர், நிறுத்தவே இல்லை. அவருடைய கணவர் ராகவன் குருக்கள் 1949இல் தொடங்கிய கடத்தநாடன் களரி சங்கத்தில், கணவருக்குப் பின் தாமே குருக்களாக இருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சேலையைக் கட்டிக்கொண்டு வாளும் கேடயமுமாக அவர் பாயும் படத்தை நீங்களும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து ‘ஆஹா’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்கள் எத்தனை பேர்!

எங்கள் களரியில் மாலை வகுப்பு பிள்ளைகளுக்கு. கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளிலும் களரிப்பயற்று இடம்பெற்ற பிறகு பெற்றோருக்கு ஆர்வம் வந்திருக்கிறது. மாலையில் போய்ப் பாருங்கள்: கீழே பிள்ளைகள், மேலே திண்ணையில் அம்மாக்கள், கையில் கைபேசி. அவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் மூன்று பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்குச் சர்க்கரை. மூன்றாமவள், “ஊரில இருந்து வந்து ஆறு வருஷமாச்சுக்கா. பிள்ளையை விடவும் கூப்பிடவும்தான் வெளியில வாரேன். பேச ஆளில்லை” என்றாள். அவள்தான் முதலில் காலை வகுப்புக்கு வந்தாள். இப்போது அவளுடைய மலையாளம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பதினான்கு மாதம் ஆகிறது. எடை குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு கிலோ, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றுகால் பொங்கலுக்கு நடுத்தெருவில் குந்தி அடுப்பு ஊதிவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல் எழுந்தேன். ரயிலில் மேல் படுக்கைக்கு ஏறுகிறேன். பாதம் இடுப்பைத் தாண்டி மார்பளவு வந்திருக்கிறது. மகள் விடுமுறைக்கு வந்தபோது கூடத்தில் இருவரும் போட்டி போட்டோம்: அவள் அரைமண்டியில், நான் குதிரை வடிவில், யார் அதிக நேரம் நிற்பது என்று. அவளே ஜெயித்தாள், என் வீட்டுக்காரர் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தார் என்பது என் முறையீடு.

இனிச் சேர நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள். எலும்பு ஏற்கெனவே மிகவும் தேய்ந்தவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சவிட்டுக்கும் சாட்டத்துக்கும் இறங்கக் கூடாது. அவர்களுக்கு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு என் மகள் செய்கிற அங்குலக் கணக்குப் பயிற்சியே ஏற்றது, வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து நிற்கக் கூடாது. முதல் நாளே காலைத் தலைக்குத் தூக்கச் சொல்கிற, அல்லது வலித்தாலும் செய் என்று அதட்டுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். தொடை நடுங்கினால் நல்லது, மூட்டுக்குள் குத்தினால் நிறுத்த வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்கள் குருக்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். ஆடி மாதம், இங்கே கர்க்கிடகம், உழிச்சிலுக்கு உரிய காலம். உடம்புக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். பெண்களுக்குப் பெண்களே செய்யும் இடமா என்று கேட்டுக்கொண்டு போகவும்.

எங்கள் களரியில் விஜயதசமி அன்று புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தட்சிணை வெற்றிலை பாக்கும், கையால் இயன்றதும். மாதக் கட்டணம், குடும்பத்தோடு ஒரு சினிமா பார்த்துவரும் செலவைவிடக் குறைவு. சேலை வேண்டாம், சல்வார் போதும். துப்பட்டாவை மேலே கொடியில் போட்டுவிட்டு இறங்கலாம். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், மண்ணில் விழுந்தால் தேடுவது கஷ்டம். காலை ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு விளக்கேற்றிவிடுகிறார்கள்.